எட்டாவது மாடிக்கு வந்த ஆறு

எங்கள் எட்டாவது மாடிக்கு ஆறு வந்தது ஒரு வியாழக்கிழமை. காலை பத்து மணி இருக்கும், ஆண்கள் வேலை தேடிப் போயிருந்தார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள், லிப்ட் வழக்கம்போல ஓடவில்லை, அதனால் ஆறு படியேறித்தான் வந்தது. மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கி, மூன்றாவது மாடியில் நம்பர் தெரியாமல் தடுமாறி, ஐந்தாவது மாடியில் யாரோ கழற்றிப்போட்ட ஒற்றைச் செருப்பையும் இழுத்துக்கொண்டு, கடைசியில் எங்கள் நடைவழிக்குள் திரும்பி, ஏழாம் நம்பர் வீட்டு வாசலில் கணுக்கால் உயரத்துக்கு வந்து நின்றது. அரிசி புடைத்துக்கொண்டிருந்த பூங்காவனம் முறத்தை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்துட்டியா," என்றாள். "உள்ள வா. இன்னாத்துக்கு வாசல்லியே நிக்கிற."

ஆற்றின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் மூக்கைப் பொத்திக்கொள்வீர்கள். ஊர் முழுக்கக் கழித்ததையெல்லாம் அதன் தலையில் கொட்டிவிட்டு நாறுகிறது என்று சொன்னவர்கள் நீங்கள்தான். அதன் கரையிலேயே பிறந்து, அதன் கரையிலேயே சோறு பொங்கித் தின்ற நாற்பத்தாறு குடும்பம் நாங்கள். எங்களையும் அதையும் நீங்கள் ஒரே மூச்சில்தான் பேசுவீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அது ஏன் வந்தது என்பதில் எங்களுக்குள் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் தெரியும், பூங்காவனம் கூப்பிட்டாள், அது வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகையில், ஒரு மாதத்துக்குப் பெய்ய வேண்டிய மழை ஒரே பகலில் கொட்டியது. கடல் சூடாகிவிட்டது, காற்று சூடாகிவிட்டது, இனிமேல் இப்படித்தான் என்று டிவியில் ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு சொன்னார். கடலைச் சூடாக்கியது நாங்கள் இல்லை. எங்கள் நாற்பத்தாறு வீட்டில் ஏசி என்று ஒன்று ஓடியதே இல்லை. ஆனாலும் மழை முதலில் எங்களைத்தான் தேடி வந்தது, மழை வடிந்ததும் குடிசை மாற்று வாரியத்துக்காரர்கள் வந்தார்கள், உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்று சொல்லி எங்களை லாரியில் ஏற்றினார்கள்.

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம். வீடு மாறிப்போகிறவர்கள் கண்ணில் படுகிற ஆளையெல்லாம் "வூட்டாண்ட ஒரு தபா வந்துட்டுப் போ" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். டீக்கடைக்காரர், கேஸ் போடுகிற பையன், பத்து வருஷமாகப் பேசாத பங்காளி, எல்லாரையும். கூப்பிட்டவரும் மறந்துவிடுவார், கூப்பிடப்பட்டவரும் மறந்துவிடுவார், அதில்தான் அந்த மரியாதையின் சௌகரியம் இருக்கிறது. பூங்காவனம் லாரியில் ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது கூப்பிடுவதற்குக் கரையில் ஆளே இல்லை, எல்லாரும் லாரியில் இருந்தார்கள், ஆறுதான் மிச்சம் இருந்தது. அதனால் அதைக் கூப்பிட்டாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வாய் நிற்காமல் விலாசத்தையும் சொல்லிவிட்டாள்: நாற்பத்தொன்றாம் பிளாக், எட்டாவது மாடி, ஏழாம் நம்பர். விலாசம் சொல்லிக் கூப்பிட்டால் அது நிஜமாகக் கூப்பிட்டது ஆகிவிடும்.

முப்பது கிலோமீட்டர். கடலுக்குப் போக மட்டுமே தெரிந்த ஆற்றுக்கு பைபாஸ் ரோடு எப்படித் தெரியும், கேட்டுக் கேட்டு வந்து சேர இரண்டு வருஷத்துக்குப் பக்கம் ஆகிவிட்டது. வருகிற வழியில் தன் மேல் கிடந்த குப்பையையும் சாக்கடையையும் அங்கங்கே உதறிவிட்டு வந்ததில், எங்கள் நடைவழிக்குள் நுழைந்தபோது அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிற மாதிரி இருந்தது. நடந்தால் உடம்புக்கு நல்லது என்று எல்லாரும் சொல்வது சரிதான் என்று பேசிக்கொண்டோம்.

அந்த இரண்டு வருஷம் நாங்கள் எப்படி இருந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். பூங்காவனம் ஆற்றங்கரையில் இருந்தபோது பாலத்துக்கு அந்தப் பக்கம் நான்கு வீட்டில் சமையல் செய்தாள். இங்கே வந்த பிறகு முதல் பஸ் பிடித்துப் போனாலும் காலை டிபனுக்குப் போய்ச் சேர முடியவில்லை என்று மூன்று வீடு போய்விட்டது, நான்காவது வீட்டம்மா நல்லவள், அதனால் ஒரு மாதம் கழித்து நிறுத்தினாள். அவள் புருஷன் எத்திராஜ் பெயிண்டர். சித்திரை வைகாசியில் சுவரைத் தொட்டால் கை வெந்துபோகிறது என்று மதியம் வேலை இல்லை, ஐப்பசி கார்த்திகையில் மழை என்று வேலை இல்லை, இரண்டும் போக மிச்சம் இருக்கிற எட்டு மாதத்தில் பன்னிரண்டு மாதத்துக்குச் சம்பாதிக்க வேண்டும். பாலத்தடியில் மீன் வறுத்து விற்ற ரெஜினாவுக்கு இங்கே மீனும் இல்லை, பாலமும் இல்லை. எட்டாவது மாடியின் கூரை மட்டும் மாவு ஊற்றினால் தோசை வருகிற சூட்டில் இருந்தது.

அங்கே நாங்கள் இருந்த இடத்தில், பதினான்கு மாதத்தில், இருபது மாடியில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று எழும்பிவிட்டது. மனிதர் குடியிருக்க ஆபத்தான இடம் என்று எங்களிடம் சொன்னார்களே, அதே இடம். ஜன்னலுக்கு ஜன்னல் ஆறு தெரியும் என்று விளம்பரம் வேறு போட்டார்கள். ஆறு எழுந்து போன பிறகு, வறண்டுவிட்டது என்று சொல்லி, அதன் படுக்கையை மண் போட்டு மூடிக் கார் நிறுத்துகிற இடம் ஆக்கிக்கொண்டார்கள்.

ஆறு வந்த முதல் வாரம் கொஞ்சம் சண்டை இருந்தது. படியெல்லாம் ஈரம், கிழவர்கள் வழுக்கி விழுவார்கள் என்று கீழ்வீட்டுக்காரர்கள் சத்தம் போட்டார்கள். பேசித் தீர்த்தோம்: இடதுபக்கப் படி ஆற்றுக்கு, வலதுபக்கப் படி மனிதர்களுக்கு. இரண்டாவது வாரம் கெண்டையும் விராலும் ஏறி வந்தன, மூன்றாவது வாரம் எட்டாம் நம்பர் வாசலில் ரெஜினா அடுப்பு மூட்டினாள், நான்காவது வாரம் சுற்றியிருந்த பன்னிரண்டு பிளாக்கிலிருந்தும் ஆட்கள் வாழை இலையோடு வரிசையில் நின்றார்கள். துணி துவைக்கிறவர்கள் ஒன்றாம் நம்பர் பக்கம், குளிக்கிறவர்கள் பதினாறாம் நம்பர் பக்கம், நடுவில் பிள்ளைகள். ஆற்றின் மேல் வருகிற காற்றில் வீடுகள் குளிர்ந்தன, எத்திராஜ் இரண்டு வருஷத்துக்குப் பிறகு மதியம் தூங்கினான். ஆறு காலையில் ஒன்றாம் நம்பரிலிருந்து பதினாறாம் நம்பருக்கு ஓடும், சாயங்காலம் பதினாறிலிருந்து ஒன்றுக்குத் திரும்பும். வேறு எங்கே போவது, நடைவழி அவ்வளவுதான்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது மாதிரி, வாரியத்திலிருந்து சம்பந்தம் சார் வந்தார். நல்ல மனுஷன், முகம் சுளிக்காமல் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டுதான் பேசினார். கூட வந்த சர்வேயர் டேப் பிடித்து அளந்தார். அகலம் ஐந்தடி, நீளம் நூற்றிருபதடி, இடது கரை கைப்பிடிச் சுவர், வலது கரை எங்கள் வாசற்படிகள். அளந்து முடித்து எழுதிக்கொண்டு போனார்கள். பத்தாம் நாள் பதினாறு கதவிலும் காகிதம் ஒட்டினார்கள்: நீங்கள் நீர்நிலைப் புறம்போக்கை ஆக்கிரமித்துக் குடியிருக்கிறீர்கள், பதினைந்து மீட்டருக்குள் யாரும் இருக்கக் கூடாது, ஆகவே காலி செய்ய வேண்டும். பதினைந்து மீட்டரை மேலேயும் கீழேயும் அளந்ததில் நான்காவது மாடி முதல் மொட்டை மாடி வரை, நாங்கள் நாற்பத்தாறு குடும்பமும் அடங்கிவிட்டோம். மாற்று இடம் இன்னும் முப்பது கிலோமீட்டர் தள்ளி. அங்கே பஸ்ஸே கிடையாது.

பூங்காவனம் காகிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள், இரண்டாம் தடவையும் கேட்டாள். பிறகு சம்பந்தம் சாரிடம் போனாள்.

"சார், நாங்க இங்க வந்து ரெண்டு வருசம் ஆவுது. அது வந்து மூணு மாசம்தான் ஆவுது. யாரு யார ஆக்ரமிச்சாங்கன்னு நீங்களே சொல்லுங்க."

சம்பந்தம் சார் கையிலிருந்த விதிப்புத்தகத்தைப் புரட்டினார். விதியில் ஆறு முன்னாலேயே இருந்ததாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அவளுடைய நன்மைக்காகத்தான் சொல்கிறேன் என்று ஒன்று சொன்னார்: "கூப்பிட்டது நீங்கதானேம்மா. நீங்களே திருப்பி அனுப்பிடுங்க. ஆறு போயிட்டா நோட்டீஸும் போயிடும். வீடு உங்களுக்கே."

அன்றைக்கு ஏழாம் நம்பர் வீட்டில் நடந்த பேச்சு எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது, சுவர் அப்படி. எத்திராஜ் கெட்டவன் இல்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயே என்று முதலில் திட்டினான், அப்புறம் பழசையெல்லாம் சொல்ல ஆரம்பித்தான். அவன் அப்பா குடிசையில் செத்தார், தாத்தா குடிசையில் செத்தார், மழை வந்தால் மூன்று தலைமுறையாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பூட்டுப் போடுகிற மாதிரி ஒரு கதவு அவனுக்குக் கிடைத்திருக்கிறது. அதை ஓர் ஆற்றுக்காக விட்டுவிட்டு இன்னொரு லாரியில் ஏற அவனால் முடியாது என்றான். பூங்காவனத்துக்கும் அந்தக் கதவு வேண்டும், அதனால் சரி, அனுப்பிப் பார்க்கிறேன் என்று எழுந்தாள்.

ஆனால் வீட்டுக்கு வந்தவரைப் போ என்று சொல்லி எங்களுக்குப் பழக்கம் இல்லை. பூங்காவனத்துக்குத் தெரிந்ததெல்லாம் விருந்தாளியை வழியனுப்புகிற விதம் ஒன்றுதான். தட்டில் மஞ்சள், குங்குமம், ஒரு முழம் மல்லிகை எல்லாம் வைத்து நடைவழிக்கு வந்து ஆற்றிடம் நீட்டினாள். ஆறு பூவை வாங்கிக்கொண்டது. வாங்கிக்கொண்டு, இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்துபோய், இரண்டு அங்குலம் உயர்ந்து அங்கேயே நின்றுவிட்டது. ரெஜினா சிரித்த சிரிப்பில் மீன் கருகிவிட்டது. பூங்காவனம் சிரிக்கவில்லை, தட்டோடு தண்ணீரிலேயே உட்கார்ந்து அழுதாள். எங்களைத் தேடி இந்த உலகத்தில் யார் வந்தார்கள், ஓட்டு கேட்கிறவன்கூட இரண்டாவது மாடிக்கு மேல் ஏறியதில்லை, எட்டு மாடி ஏறி வந்த ஒன்றை எப்படிப் போகச் சொல்வேன் என்று அழுதாள். எத்திராஜ் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான், பிறகு வந்து தட்டை வாங்கி உள்ளே வைத்தான்.

காலி செய்ய வேண்டிய தேதிக்கு ஆறு நாள் இருக்கும்போது மழை பிடித்தது. நான் பார்த்த மழையிலேயே இதுதான் பெரிது. இந்தத் தடவை ஊருக்குள் ஒரு விநோதம். விழுந்த தண்ணீர் விழுந்த இடத்திலேயே நின்றது. மழைத் தண்ணீருக்குக் கடல் எந்தப் பக்கம் என்று தெரியாது, ஆறுதான் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும், ஆறோ எங்கள் எட்டாவது மாடியில் இருந்தது. நின்ற தண்ணீர் ஏறிக்கொண்டே போய், கண்ணாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கார்கள் மிதந்து ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருப்பதை டிவியில் காட்டினார்கள். நாங்கள் மீன் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தோம். நன்றாக வேண்டும் என்று சொன்னோம். பொய் சொல்லக் கூடாது, நானும்தான் சொன்னேன்.

மறுநாள் விடியற்காலையில் சம்பந்தம் சார் சொட்டச் சொட்ட எட்டு மாடி ஏறி வந்தார். பேண்ட்டை மடிக்கவே இல்லை. மேலிடத்து உத்தரவு, ஆற்றை உடனே அனுப்பிவைக்க வேண்டும் என்றார். நோட்டீஸ் என்ன ஆகும் என்று பூங்காவனம் கேட்டாள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அப்படியானால் ஆறு போவதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நடைவழி முழுக்கச் சத்தம் எழுந்தது. முழுகட்டும், அந்தக் கண்ணாடி முழுகினால்தான் புத்தி வரும் என்றார்கள்.

ரெஜினா மட்டும் அடுப்பை அணைத்தாள்.

"கண்ணாடிக்காரன் மூணாவது மாடிக்கு ஏறிப்பான்," என்றாள். "ஏரிக்கரைல எங்க அக்கா குடிசை போட்டுகினு கீறாளே, அவ எங்க ஏறுவா?"

எல்லாருக்கும் ஏரிக்கரையிலோ கால்வாய்க்கரையிலோ ஓர் அக்கா இருந்தாள். மழை எப்போதும் கீழே இருக்கிறவர்களைத்தான் முதலில் பிடிக்கும், எட்டாவது மாடிக்கு வந்து இரண்டு வருஷத்தில் அதை மறந்துவிட்டோமே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பூங்காவனம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஆறு போகும் என்றாள். ஆனால் தனியாகப் போகாது, அது எங்களைத் தேடி வந்தது, நாங்கள் நடந்தால் பின்னால் வரும், நாங்கள் எங்கே இருக்கிறோமோ அங்கேதான் இருக்கும், அதை அங்கே நிறுத்த வேண்டும் என்றால் நாங்களும் அங்கேதான் இருக்க வேண்டும் என்றாள். சம்பந்தம் சார் தலையைச் சொறிந்தார். போகலாம், ஆனால் கதவைச் சாத்திவிட்டுப் போனால் வீட்டைக் காலி செய்ததாகத்தான் எழுதுவார்கள், சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டிவரும் என்று, தன் மனசுக்கே பிடிக்காத குரலில் சொன்னார்.

அப்போது எத்திராஜ் ஏழாம் நம்பர் வாசலில், தண்ணீரிலேயே, சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"நீ ஆத்தப் பாத்துக்க," என்று பொண்டாட்டியிடம் சொன்னான். "வூட்ட நான் பாத்துக்கறன். எவன் வந்து சாவி கேக்கறான்னு பாக்கலாம்."

அதைப் பார்த்து எட்டாம் நம்பரில் ஒருவர் உட்கார்ந்தார், ஒன்பதாம் நம்பரில் ஒருவர் உட்கார்ந்தார், கீழ் மாடிகளையும் சேர்த்து நாற்பத்தாறு வாசலிலும் ஒருவர் உட்கார, நாற்பத்தாறு பேர் நடக்கக் கிளம்பினோம். சம்பந்தம் சார் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தன் குடையைப் பூங்காவனத்திடம் கொடுத்தார். உத்தரவில் குடையைப் பற்றி ஒன்றும் இல்லை என்றார்.

நாங்கள் வலதுபக்கப் படியில் இறங்கினோம், ஆறு இடதுபக்கப் படியில் இறங்கியது. பைபாஸ் ரோட்டில் நாங்கள் முன்னால் நடந்தோம், அது பின்னால் வந்தது, தேங்கி நின்ற தண்ணீரெல்லாம் அதைக் கண்டதும் வழி தெரிந்துகொண்டு அதோடு சேர்ந்துகொண்டது, ஏரிக்கரையில் கழுத்தளவு நின்றது இடுப்புக்கு இறங்கியது, இடுப்பளவு நின்றது முழங்காலுக்கு இறங்கியது, ரெஜினாவின் அக்கா குடிசைக் கூரையிலிருந்து இறங்கி வந்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டு, சொன்னதும் தானும் கூட நடந்தாள், அவள் பின்னால் ஏரிக்கரை நடந்தது, அதன் பின்னால் கால்வாய்க்கரை நடந்தது, எண்ணிக்கொண்டு வந்த எனக்கு ஒரு கட்டத்தில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. கால் கொப்பளித்தது. யாரும் உட்காரவில்லை.

பழைய கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் நான்கு மணி. கண்ணாடிக் கட்டடத்தின் வாசலில் வயதான காவலாளி ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். கட்டடத்துக்காரர்கள் எல்லாரும் மேலே இருந்தார்கள், இவரை மேலே வரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. வருகிறவர் போகிறவர் பெயர் எழுதுகிற நோட்டை நனையாமல் நெஞ்சோடு பிடித்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அதைப் பிரித்தார், அவர் வேலை அது.

ஆறு எங்களைத் தாண்டிப் போய், கார் நிறுத்துகிற இடத்துக்கு அடியில் இருந்த தன் படுக்கையைத் தடவிக் கண்டுபிடித்து, போட்டிருந்த மண்ணை இரண்டு பக்கமும் தள்ளிவிட்டு நீட்டிப் படுத்தது. காவலாளியின் நாற்காலிக்குக் கீழே தண்ணீர் மெல்ல வடியத் தொடங்கியது. அவர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, கீழே இறங்கி நின்று, பெயர் கேட்டார். பூங்காவனம் சொன்னாள். எங்கிருந்து வருகிறீர்கள் என்றார், சொன்னாள். யாரைப் பார்க்க வேண்டும் என்றார். யாரையும் பார்க்க வரவில்லை என்றாள். எத்தனை பேர் என்று கேட்க வாயெடுத்தவர், ரோட்டை நிமிர்ந்து பார்த்து, கடைசி ஆள் கண்ணுக்குத் தெரியாததால் விட்டுவிட்டார்.

"வெளிய போற நேரம்னு ஒரு கட்டம் இருக்கும்மா," என்றார். "அத நான் எழுதியாவணும். எப்ப கெளம்புவீங்க?"

பூங்காவனம் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"அந்தக் கட்டத்த அடிச்சிடுங்க," என்றாள்.

அவர் பேனாவை உதறி மை வருகிறதா என்று பார்த்துவிட்டு, பக்கத்தின் உச்சியிலிருந்து அடி வரைக்கும் ஒரே கோடாக அடித்தார்.